வட்டத்துக்குள் யார் நிற்கலாம்?



சென்ற பொதுக்குழுவில் வரும் பொங்கல் விழா பற்றிப் பேச்சு வந்தபோது நடந்தது, அன்று வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். வள்ளி கும்மி என்றதும் எல்லோரும் கை தூக்கினோம். பறையும் வைக்கலாமே என்று ஒரு தம்பி சொன்னதும் ஹாலில் ஒரு மாதிரி அமைதி. "நல்ல நாளும் அதுவுமா அது எதுக்குங்க?" என்றார் ஒருவர். "போன வருஷம் வந்தாங்கல்ல, குழந்தைங்க எல்லாம் ஆடுச்சுங்களே" என்றார் ஒரு அம்மா. முடிவு எதுவும் எடுக்காமல், அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்துவிட்டுத் தண்ணீர் லாரிக் கணக்குக்குப் போய்விட்டோம்.

அன்று நானும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அது உறுத்தியது. அதனால்தான் இந்தக் கட்டுரை. நான் கலை படித்தவன் அல்ல. பி.காம். முடித்து, பணி ஓய்வு வரை வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்து பழகியவன். ஆனால் நம் கொங்கு நாட்டில் இந்தக் கலைகள் எங்கே இருந்தன, எப்படி மேடைக்கு வந்தன, வந்ததால் என்ன மாறியது என்று கொஞ்சம் தேடிப் படித்தேன். கூடவே கண்ணால் பார்த்ததும் உண்டு. அவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நோம்பியும் தப்பட்டையும்

நான் பிறந்தது பல்லடம் பக்கம் ஒரு கிராமம். மாரியம்மன் நோம்பி சாட்டிவிட்டால் கோயில் முன்னால் கம்பம் நடுவார்கள். நோம்பி முடியும் வரை ஒவ்வொரு நாள் இரவும் கம்பத்தைச் சுற்றி இளவட்டங்களின் ஆட்டம். பூவோடு எடுக்கிறவர்கள் ஒரு பக்கம், பார்க்க வந்த கூட்டம் ஒரு பக்கம். இத்தனைக்கும் உயிர் கொடுப்பது தப்பட்டைச் சத்தம். பறை என்று புத்தகத்தில் சொல்வதைத்தான் எங்கள் ஊர்ப்பக்கம் தப்பு, தப்பட்டை என்போம்.

அடிப்பவர்கள் பெரும்பாலும் அருந்ததியர் தெருவிலிருந்து வருவார்கள். அடிப்பதற்கு முன்பு ஓலையைக் கொளுத்தி அதில் தோலைக் காய்ச்சுவார்கள். தோல் இறுகினால்தான் சத்தம் கணீரென்று வரும். அதை வேடிக்கை பார்ப்பதற்காகவே நாங்கள் பொடியன்கள் முதல் ஆளாகப் போய் நிற்போம்.

ஒரு நாள் ஓரமாகச் சாத்தி வைத்திருந்த தப்பட்டையைத் தொடப் போனேன். என் பாட்டி தூரத்திலிருந்தே கத்தினாள்: "அதைத் தொட்டீன்னா தலைக்கு ஊத்திட்டுத்தான் ஊட்டுக்குள்ள வரோணும்!" கையை இழுத்துக்கொண்டேன். சாமி ஆடுவதற்கு அந்தச் சத்தம் வேண்டும். அந்தத் தோலைத் தொட்டால் மட்டும் தீட்டு. அந்த வயதில் அது எனக்கு விசித்திரமாகவே படவில்லை. ஊர் நடப்பு அப்படி, அவ்வளவுதான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் அடித்தது கலை என்று யாரும் சொல்லவில்லை. அது கடமை. கோயிலுக்கு அடிக்க வேண்டும், சாவுக்கு அடிக்க வேண்டும், ஊருக்குத் தகவல் சொல்ல அடிக்க வேண்டும். வர முடியாது என்று சொல்லும் உரிமை கிடையாது. கூலி, அறுவடை முடிந்ததும் களத்து மேட்டில் அளந்து போடும் தானியம். அவர்கள் நிற்கும் இடம் எப்போதும் கூட்டத்துக்கு வெளியே. ஆட்டத்தின் வட்டம் அவர்கள் அடியால்தான் சுற்றியது. ஆனால் அந்த வட்டத்துக்குள் அவர்களுக்கு இடமில்லை.

தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் ஒரு பறையைக் கருப்பொருளாகச் சொல்கிறது. அதாவது உழவு, வேட்டை, மீன்பிடி என்று எல்லாத் தொழிலுக்கும் நிலத்துக்கும் பொதுவாக இருந்த கருவி அது. பிற்காலத்தில் அதைச் சாவு வீட்டோடும் ஒரு சாதியோடும் சேர்த்துக் கட்டியவர்கள் நாம்தான்.

தெருவுக்கு வந்த கலை

இந்த நிலையை அசைத்ததில் விழாக்களுக்கும் பொது மேடைகளுக்கும் பெரிய பங்கு உண்டு. அது ஒரே நாளில் நடந்துவிடவில்லை.

தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1975இல் மதுரையில் தொடங்கியது. பின்னாளில் அவர்கள் நடத்திய கலை இரவுகளை நம்மில் பலர் பார்த்திருப்பீர்கள். கடைத்தெருவில் மேடை போட்டு, டிக்கெட் இல்லாமல், விடிய விடியப் பாட்டும் நாடகமும் ஒயிலாட்டமும் நடக்கும். மில் வேலை முடிந்து வந்தவரும் பனியன் கம்பெனி ஊழியரும் கடைக்காரரும் ஒரே தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். கோயில் நோம்பியில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. கடைத்தெருவில் அந்த விதி செல்லவில்லை.

கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் 1980 முதல் கலைப் பயணங்களை ஊர் ஊராகக் கொண்டுபோனது. அந்த வழியில் இங்கே 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களை வகுப்புக்கு அழைக்க, தொண்டர்கள் பாட்டையும் வீதி நாடகத்தையும்தான் கையில் எடுத்தார்கள். புதுக்கோட்டையில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதும் அந்த இயக்கத்தின்போதுதான். நோட்டீஸ் அடித்துக் கொடுத்தால் படிக்கத் தெரியாதவருக்கு என்ன பயன்? பாட்டு காதில் விழுந்தால் போதும்.

அதே காலத்தில் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம், தலித் கலை விழாக்களை நடத்தியது. இதுவரை ஊருக்கு வெளியே நின்று அடித்தவர்கள், இப்போது தங்கள் விழாவில் தங்கள் பெயரோடு மேடையின் நடுவில் நின்று அடித்தார்கள். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவில் பெண்களே பறையைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். அதுவரை பறை ஆண்கள் கைக் கருவியாகவே இருந்தது.

இதில் எல்லோருக்கும் ஒரே கருத்து இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பல ஊர்களில் அந்தச் சமூகத்து இளைஞர்கள், தலைமுறை தலைமுறையாகக் கட்டாயத்துக்கு அடித்தது போதும், இனித் தொடவே மாட்டோம் என்று பறையைத் தூக்கி எறிந்தார்கள். வேறு சிலர், இழிவு கருவியில் இல்லை, அதைக் கட்டாயமாக்கியதில்தான் இருக்கிறது, ஆகவே விரும்பி அடிப்போம் என்றார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இருவரும் கேட்டது ஒன்றுதான்: அடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை எங்களுடையது.

அதன் பிறகு அரசும் வந்தது. 2007இல் சென்னை சங்கமம் நடந்தது. பல மாவட்டங்களின் கிராமியக் கலைஞர்கள் சென்னையின் பூங்காக்களிலும் கடற்கரையிலும் ஆடினார்கள். அதே 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் அமைந்தது. களத்து மேட்டுத் தானியத்திலிருந்து வாரிய அடையாள அட்டை வரை வந்த தூரம், என்னைப் போன்ற கணக்கு எழுதினவனுக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நம் கோவைக்காரர்களுக்கு 2010 ஜூன் மறக்காது. உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு. முதல் நாள் 'இனியவை நாற்பது' ஊர்வலத்தை நானும் குடும்பத்தோடு ரோட்டோரம் நின்று பார்த்தேன். 40 அலங்கார ஊர்திகள், கூடவே கலைக் குழுக்கள். பறைக்குழு கடந்து போனபோது கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே பாட்டியின் குரல் காதில் கேட்டது. நகரத்து ரோட்டில் கைதட்டுகிறவன், ஊர்க் கோயிலில் ஏன் தள்ளி நின்றேன்?

டிரினிடாட் பாடம்

இது நமக்கு மட்டும் நடந்த கதை அல்ல. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குப் பிரையன் லாராவின் டிரினிடாட் தெரியும். அங்கே ஆப்பிரிக்க அடிமைகளின் வாரிசுகள் முரசடித்துக் கொண்டாடியதை 1880களில் பிரிட்டிஷ் ஆட்சி ஒடுக்கியது. அவர்கள் மூங்கிலைத் தட்டினார்கள். பிறகு பிஸ்கட் டின்னையும் எண்ணெய் டிரம்மையும் தட்டித் தட்டி, சுரம் பிரித்து, ஸ்டீல் பான் என்ற புதுக் கருவியையே உண்டாக்கினார்கள். உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் அதை ரவுடிகளின் சத்தம் என்றே ஒதுக்கினார்கள். 1951இல் ஒரு ஸ்டீல் பான் குழு லண்டன் போய், பிரிட்டன் விழாவில் வாசித்துப் பாராட்டு வாங்கியது. இன்று அதுதான் அந்த நாட்டின் தேசிய இசைக்கருவி.

விழா மேடை என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. கருவியும் வாசிப்பவரும் அப்படியே இருக்கிறார்கள். பார்க்கிறவன் நிற்கும் இடம் மாறுகிறது.

தாயனூர்ப் பெரியவர்

இனி நாம் எல்லோரும் கை தூக்கிய வள்ளி கும்மிக்கு வருவோம்.

கதை உங்களுக்குத் தெரியும். தினைப்புனம் காக்கும் வள்ளியைப் பார்த்து மயங்கிய முருகன் வேடனாக வருவார், வேங்கை மரமாக நிற்பார், கிழவனாக நடிப்பார். கடைசியில் யானையாக அண்ணன் பிள்ளையார் வந்து உதவி, கல்யாணம் முடியும். மருதமலை, சென்னிமலை, சிவன்மலை என்று மலைக்கு மலை முருகன் இருக்கும் நம் பக்கத்தில் இந்தக் கதை கும்மியாக நிலைத்ததில் வியப்பில்லை. பாட்டு, கைதட்டு, அடவு, சலங்கை என்று மணிக்கணக்கில் நீளும்.

ஆனால் இன்று சேலை கட்டிய பெண்கள் வரிசையாக ஆடுவதைப் பார்க்கும் நம் குழந்தைகளுக்குத் தெரியாத ஒன்று உண்டு. கோயில் திடலில் நடந்த வள்ளி ஒயில் கும்மி வெகுகாலம் ஆண்களின் ஆட்டமாகவே இருந்தது. வள்ளியின் கதையை ஆடும் வட்டத்தில் பெண்ணுக்கு இடமில்லை!

அந்த வழக்கத்தை மீறிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர், மேட்டுப்பாளையம் பக்கம் தாயனூரைச் சேர்ந்த பத்ரப்பன். 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது வயது 87. விருது அறிவிப்பிலேயே, ஆண்கள் ஆடிவந்த கலையில் மரபை மீறிப் பெண்களுக்குப் பயிற்சி தந்தவர் என்றுதான் அவரைச் சிறப்பித்துச் சொன்னார்கள். அடுத்த ஆண்டே மதுரைப் பக்கத்துப் பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. கும்மியும் பறையும் ஓராண்டு இடைவெளியில் ஒரே படியில் நின்றன.

இன்று நம் மாவட்டத்தில் எந்த ஊருக்குப் போனாலும் கும்மிப் பயிற்சி நடக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளையிலிருந்து பேரன் எடுத்த பாட்டி வரை ஒரே வரிசையில் ஆடுகிறார்கள். வீட்டைவிட்டு வெளியே வர ஆயிரம் காரணம் சொல்ல வேண்டியிருந்த பெண்கள், மாலையானால் சலங்கையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். இதைச் சின்ன மாற்றம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அதே மேடை, வேறு உறுதிமொழி

ஆனால் பற்று வரவு இரண்டையும் எழுதாவிட்டால் கணக்கு நேராகாது. மறு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களாகக் கும்மி அரங்கேற்றங்கள் சில, சாதி மேடைகளாகவும் மாறிவருகின்றன. ஆட்டம் முடிந்ததும், சொந்தச் சாதிக்குள் மட்டுமே திருமணம் செய்துகொள்வோம் என்று ஆடிய பெண்களிடம் உறுதிமொழி வாங்கிய காட்சிகள் வெளிவந்து பெரிய விவாதமானது. உங்களில் பலருடைய வாட்ஸ்அப்பிலும் அது வந்திருக்கும்.

எனக்கு அது வெறும் வாய்வார்த்தையாகப் படவில்லை. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், சாதி மாறித் திருமணம் செய்துகொண்ட ஒரு இளைஞரைப் பட்டப்பகலில், பஸ் ஸ்டாண்ட் அருகே வெட்டிக் கொன்றார்கள். கூட இருந்த மனைவிக்கும் வெட்டு. அந்த ஊர் இங்கிருந்து இரண்டு மணி நேரம்கூட இல்லை. இப்படி நடந்த மண்ணில் 14 வயதுப் பிள்ளையைச் சபையில் நிறுத்தி அந்தச் சத்தியத்தை வாங்கினால், அது யாருக்குப் போடும் வேலி?

இதில் வேடிக்கையும் இருக்கிறது. வள்ளி நம்பிராஜன் வீட்டில் வளர்ந்த குறமகள். முருகன் தேவர்களின் சேனாபதி. தேவலோகத்தில் தெய்வானை இருக்க, மலைக்காட்டுப் பெண்ணைத் தேடி வந்து காதலித்து, அவள் வீட்டாருக்குத் தெரியாமல் கூட்டிக்கொண்டு போனவர். அவர்கள் கல்யாணத்தைத்தான் இரவெல்லாம் பாடி ஆடுகிறோம். ஆடி முடித்துவிட்டு அதற்கு நேர் எதிராகச் சத்தியம் வாங்கினால், அந்தச் சாமிக்கே அடுக்குமா?

கிராமியக் கலை வளர்ந்தால் சமூகம் தானாக மாறிவிடும் என்று விழா மேடைகளில் பேசுகிறார்கள். நான் பார்த்தவரை அப்படி இல்லை. தாயனூர்ப் பெரியவர் வட்டத்தைத் திறந்தார். வேறு சிலர் அதே வட்டத்துக்குப் பூட்டுப் போடுகிறார்கள். ஆட்டம் ஒன்றுதான். உள்ளே யார் வரலாம், யார் வரக்கூடாது என்று முடிவு செய்வது நடத்துகிறவர்கள். விழா நடத்தும் அசோசியேஷன் என்ற முறையில், அந்த இடத்தில் இப்போது நாம் இருக்கிறோம்.

நம் வளாகத்துக் கணக்கு

கடைசியாக, நான் சொல்லக் கூச்சப்பட்ட விஷயம்.

போன பொங்கலுக்குப் பறைக்குழு வந்தது. பொருளாளராக அந்த வவுச்சரில் கையெழுத்துப் போட்டவன் நான். சம்பளத்தைப் பேரம் பேசிக் குறைத்தவனும் நான். டான்ஸ் குழுவுக்குக் கேட்டதைக் கொடுத்தோம், அங்கே நான் பேரம் பேசவில்லை. அன்று எல்லோரும் கம்யூனிட்டி ஹாலில் இலை போட்டுச் சாப்பிட்டோம். பறை அடித்தவர்கள் 11 பேரும் ஜெனரேட்டர் ரூம் பக்கம் பேப்பர் தட்டில் சாப்பிட்டார்கள். யாரும் அப்படிச் சொல்லவில்லை. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஹாலுக்கு வாங்க என்று யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். என் கிராமத்துக் கம்பத்தடியில் நடந்ததை, லிஃப்டும் சிசிடிவியும் இருக்கும் வளாகத்தில் அப்படியே திரும்பவும் நடத்தியிருக்கிறோம். கைதட்டுவதற்கு அவர்கள் வேண்டும், பந்திக்கு வேண்டாம்.

அதனால் அடுத்த பொதுக்குழுவில் நான்கு விஷயங்களை முன்வைக்கப் போகிறேன்.

ஒன்று, பொங்கலன்று வள்ளி கும்மியும் பறையும் இரண்டும், ஒரே புல்தரையில், ஒரே மேடையில். முடிந்தவரை நல வாரியத்தில் பதிவு செய்த கலைஞர்களையே அழைப்போம்.

இரண்டு, பேசிய தொகையைக் குறைக்காமல், அன்றே அவர்கள் வங்கிக் கணக்கில் போட்டுவிட வேண்டும்.

மூன்று, வந்தவர்கள் எல்லோரும் நம்மோடு அதே ஹாலில், அதே பந்தியில் சாப்பிட வேண்டும்.

நான்கு, கும்மிப் பயிற்சி நம் வளாகத்தில் தொடங்கினால், நம் வீடுகளில் வேலை செய்யும் அக்காமார்களும் செக்யூரிட்டி அண்ணன்மார் வீட்டுப் பிள்ளைகளும் அதே வரிசையில் ஆட வேண்டும். எந்த உறுதிமொழியும் வேண்டாம்.

செலவு என்ன என்று கேட்பீர்கள். முதல் இரண்டுக்கும் கொஞ்சம் பணம் ஆகும். மற்ற இரண்டுக்கும் ஒரு பைசா ஆகாது.

இன்னொரு செய்தியும் உண்டு. சில வாரங்களாக மாலை நேரத்தில் பி பிளாக் மொட்டை மாடியில் கேட்கும் சத்தம் பற்றிக் குழுவில் புகார் வந்திருந்தது. அது என் பேத்தி. பள்ளி ஆண்டு விழாவுக்காகப் பறை கற்றுக்கொள்கிறாள். இனி ஏழு மணிக்குள் முடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை, "தாத்தா, கொஞ்சம் பிடிங்க" என்று பறையை என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். ஒரு கணம் கை பின்னால் போனது உண்மை. அறுபது வயது தாண்டியும் அந்தப் பயம் எங்கேயோ இருந்திருக்கிறது. பிறகு வாங்கிக்கொண்டேன். விரலால் ஒரு தட்டுத் தட்டியும் பார்த்தேன்.

அடுத்த பொதுக்குழுவில் அவசியம் கலந்துகொள்ளுங்கள். பறைக்கு யார் ஆதரவு என்று கேட்கும்போது, இந்த முறை என் கை மேலே இருக்கும். உங்கள் கையும் இருந்தால் மகிழ்ச்சி.